ஓடும் மணலும் அயலானின் உரிமையும்



தன் வீட்டைத் தான் காத்துக்கொள்வது ஒவ்வொரு மனிதனுக்கும் உரிய நியாயம். அதைத் தவறென்று எந்த நீதி நூலும் சொல்லவில்லை. ஆனால் என் வீட்டைக் காக்க நான் எழுப்பும் சுவரே அடுத்தவன் வீட்டை இடிக்குமானால், அப்போதும் அது நியாயந்தானா? சுவர் எழுப்பாவிட்டால் என் வீடு போகும். எழுப்பினால் அவன் வீடு போகும். இது வெறும் வாதத்துக்காகக் கற்பித்த கேள்வியன்று. நமது சென்னைக் கடற்கரையில் கல்லாலும் மணலாலும் எழுதப்பட்டிருக்கும் கேள்வி. இந்த வாரம் அதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

"தாம்பரத்தில் இருக்கும் நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களில் சிலர் உடனே கேட்கலாம். கடல் நமக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது என்பது மெய்தான். ஆனால் நம் தெருவில் பெய்யும் மழை எங்கே போய்ச் சேருகிறதென்று எண்ணிப் பாருங்கள். மேற்குத் தாம்பரம், முடிச்சூர் பக்கத்து வெள்ளம் அடையாற்றில் விழுந்து, சீனிவாசபுரத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் நடுவே கடலில் கலக்கிறது. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, தெற்கே திரும்பி, முட்டுக்காட்டுக்கும் கோவளத்துக்கும் இடையிலுள்ள முகத்துவாரத்தில் கடலை அடைகிறது. ஆக, நமக்குக் கடற்கரை இல்லாவிட்டாலும் கடல் வாசல்கள் இரண்டு உண்டு. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, இந்த வாசல்கள் எவ்வளவு முக்கியமானவை என்பதை முடிச்சூர்வாசிகள் தெரிந்துகொண்டார்கள்.

அந்த வாசல்களுக்குக் கதவாக இருப்பது மணல். கோவளத்துக் கார்மேல் மாதா கோயிலுக்குப் போய் வருகிறவர்கள் முட்டுக்காட்டுப் பாலத்தில் நின்று கிழக்கே நோக்கினால், உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவே நாக்குப்போல் நீண்டு கிடக்கும் மணல்திட்டைக் காணலாம். அடையாற்று முகத்துவாரத்திலும் இதே காட்சிதான். கோடையில் திட்டு வளர்ந்து வாயை அடைக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு வெளியேறும். மறு ஆண்டு மறுபடியும் வளரும். திருவான்மியூர் முதல் நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி, கானத்தூர் ஈறாக, கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கி ஓடும் நிலம் முழுவதுமே பழைய காலத்தில் கடல் குவித்த மணல்தான். அதற்குள் மழைநீர் இறங்கி நல்ல தண்ணீராகத் தங்குகிறது. மேட்டின்மீது அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்து மணலைப் பிடித்துக்கொள்கின்றன. புயல் அலை வரும்போது முதல் அடியை வாங்கிக்கொள்வது இந்த மேடுதான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது மணற்குன்றுகள் சிதையாமல் இருந்த இடங்களில் அலையின் வேகம் தணிந்ததைக் கடற்கரை மக்கள் கண்ணாரக் கண்டார்கள்.

இனி நாம் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இந்த மணல் நிலையாக ஓரிடத்தில் கிடக்கும் பொருளன்று; ஓடுகிற பொருள். தெற்கிலிருந்து காற்றும் அலையும் வரும் மாதங்களில் அது கரையோரமாக வடக்கே நகரும். வாடைக் காலத்தில் தெற்கே திரும்பும். ஆனால் வடக்கே போகும் காலம் நீண்டது. தெற்கே வரும் காலம் குறுகியது. ஆகையால் ஆண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், இலட்சக்கணக்கான கன மீட்டர் மணல் நம் கரையோரமாக வடக்கு நோக்கியே பயணம் செய்கிறது. கடலோரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆறு ஓடுகிறதென்றே வைத்துக்கொள்ளலாம். ஓரிடத்தில் அலை எடுத்துச் செல்லும் மணலுக்கு ஈடாகத் தெற்கிலிருந்து புது மணல் வந்து சேருகிறது. வரவும் செலவும் சரியாக இருக்கும்வரை கரை நிலைத்து நிற்கும். வரவு நின்றால் கரை தேயும். கடல் அரிப்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் கடலின் கோபமன்று. வரவு நின்றுபோன கணக்குத்தான்.

வரவை நிறுத்துவது யார்? இதற்கு நம் ஊரிலேயே பழைய சாட்சி இருக்கிறது. சென்னைத் துறைமுகத்துக்கு 1875இல் அடிக்கல் நாட்டினார்கள். 1881 நவம்பர் புயலில் அது சேதமடைந்து, மறுபடியும் கட்டி முடிக்கப்பட்டது. கடலுக்குள் நீட்டிய அதன் கற்கரங்கள் மணலாற்றைக் குறுக்கே மறித்தன. தெற்கே மணல் தேங்கித் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் தங்களுக்கு வரவேண்டிய மணலை இழந்து, தெருத் தெருவாகக் கடலுக்குக் கொடுத்தன. அங்கே கற்சுவர் போட்டார்கள். சுவர் முடிந்த இடத்தில் அரிப்பு தொடங்கிற்று. சுவரை நீட்டினார்கள், அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது. நாம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளைகளோடு போய் உட்காரும் மெரினா மணலில் பெரும்பகுதி வடக்கே வாழ்ந்த மீனவக் குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது. யாரும் திருடவில்லை, யாரும் தீமை நினைக்கவுமில்லை. ஆனாலும் ஒருவர் பொருள் மற்றொருவர் கையில் தங்கிவிட்டது.

புதுச்சேரியிலும் இதே கதை நடந்தது. 1980களின் இறுதியில் அங்கே துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே சேர்க்கும் ஏற்பாடு திட்டத்தில் இருந்தது. அது ஒழுங்காக நடைபெறவில்லை. நகரத்தின் கடற்கரை மறைந்து, கருங்கற் குவியல் மிஞ்சியது. பிறகு அரிப்பு எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் குப்பங்களான கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று வரிசையாக ஏறிற்று. ஒரு குப்பத்தைக் காக்கத் தூண்டில் வளைவு போட்டால், அதற்கு வடக்கேயுள்ள குப்பம் அழுதது.

இங்கேதான் நமது நீதிக் கேள்வி பிறக்கிறது. தூண்டில் வளைவு கேட்கும் மீனவன் செய்வது தவறா?

அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் தற்காப்பைப்பற்றி ஆராய்ந்தபோது, ஒரே செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம் என்று காட்டினார். ஒன்று நாம் நாடுவது. மற்றொன்று நாம் நாடாமலே நேர்வது. தன் உயிரைக் காக்க நினைப்பவன், அதற்குத் தேவையான அளவுக்கு மிஞ்சாமல் பலத்தை உபயோகித்தால் அது குற்றமாகாது என்பது அவர் முடிவு. பிற்கால வேதசாஸ்திரிகள் இதை விரித்து, செயல் தன்னிலே தீயதாக இருக்கலாகாது, தீய விளைவை மனது நாடலாகாது, தீய விளைவை நல்லதற்குக் கருவியாக்கலாகாது, தீமை நன்மையை மிஞ்சலாகாது என்று நிபந்தனைகளை வகுத்தார்கள். இந்த அளவுகோலைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம்.

நாளை இரவு அலை தன் கூரையைத் தொடும் என்று அஞ்சி நிற்கும் குடும்பத்துக்குக் கல் போடுவது குற்றமாகாது. அந்த மீனவனைப் பார்த்து, "மணலாற்றின் போக்கைக் கெடுக்காதே" என்று தாம்பரத்தில் மெத்தை வீட்டில் இருந்துகொண்டு நாம் உபதேசம் செய்தால் அது பிறர்சிநேகம் ஆகாது. அவன் கரையைத் தின்றவன் அவனல்லன். தெற்கே துறைமுகம் கட்டியவர்கள், மணற்குன்றை மட்டம் செய்து மதில் எழுப்பியவர்கள், ஆற்று மணலை வாரியவர்கள் என்று கணக்கில் முன்னே நிற்பவர்கள் வேறு பேர்.

ஆனால் நாடாத விளைவு என்னும் நியாயம், விளைவு தெரியாதிருந்த காலத்துக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். 1875இல் துறைமுகம் கட்டியவர்கள் மணலின் கணக்கை முழுவதும் அறிந்திருக்க முடியாது. இன்று அப்படிச் சொல்ல இயலாது. கற்கரம் நீட்டினால் வடக்கே தேயும் என்பதைப் படித்தவரும் அறிவர், படியாத மீனவரும் அறிவர். தெரிந்தே அந்த நஷ்டத்தை அயலான் தலையில் இறக்கிவிட்டு, "நான் அதை நாடவில்லை" என்று சொல்வது மனச்சாட்சியை ஏமாற்றும் வேலை. ஆகையால் நியாயம் இப்படி அமைகிறது: காத்துக்கொள்ள உரிமை உண்டு, அந்த உரிமையோடு, வடக்கே இருப்பவனுக்குச் சேர வேண்டிய மணலுக்குக் கணக்குச் சொல்லும் கடமையும் பிறக்கிறது. மறித்தவன் கடன்காரன். ஏழை மீனவனால் அந்தக் கடனைத் தீர்க்க முடியாது. அவனுக்காகக் கல் போடும் அரசாங்கமும், தெற்கே மணலை மறித்துப் பயனடையும் நகரமுமே அதைத் தீர்க்கக் கடமைப்பட்டவை.

கடன் என்ற சொல்லை இங்கே அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. பிறர் பொருளை வைத்திருப்பவன் அழுது மனஸ்தாபப்பட்டால் மட்டும் போதாது, பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சிறுவயதிலேயே ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். தெரியாமல் கையில் வந்த பொருளானாலும், உடையவன் இன்னாரென்று தெரிந்த நாள் முதல் அதை ஈடுசெய்யும் கடமை பிறக்கிறது. மணலுக்கும் இது பொருந்தும்.

"மணலைத் திருப்பிக் கொடுப்பதாவது! நடக்கிற காரியமா?" என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியா தேசத்தில் ட்வீட் என்னும் ஆறு இரண்டு மாநிலங்களின் எல்லையருகே கடலில் கலக்கிறது. அங்கும் மணல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. 1960களில் படகுகள் தடையின்றிப் போய்வர, தெற்கு மாநிலம் ஆற்றின் வாயில் கற்சுவர்களை நீட்டிற்று. தெற்கே லெட்டீஷியா என்னும் மணல்திட்டு கொழுத்தது. வடக்கு மாநிலத்தின் கடற்கரைகள் மெலிந்தன. பல ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு, 1990களில் இரு மாநிலங்களும் சட்டமியற்றி உடன்படிக்கை செய்துகொண்டன. 2001 முதல், தெற்கே தேங்கும் மணலைக் குழாய் வழியாக ஆற்றுக்கு அடியில் இறைத்து வடக்குக் கரைக்கு அனுப்புகிறார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 5 இலட்சம் கன மீட்டர்! தொடக்கத்தில் தேங்கிப்போன பாக்கியையும் சேர்த்து அளவுக்கு மீறி அனுப்பியதால், வடக்கே ஒரு கடற்கரை வேண்டாத அளவுக்கு அகன்றுபோன குறையும் உண்டு. ஈடு செய்வதற்கும் அளவு வேண்டும் என்பதற்கு அது பாடம். ஆனாலும் ஒரு மாநிலம் தன் அயல் மாநிலத்துக்கு மணலைக் கடனாக ஒப்புக்கொண்டு செலுத்தி வருவது எவ்வளவு அருமையான காரியம்!

அவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தருகே வாரும் மணலை நகரக் கடற்கரையில் சேர்க்கும் வழக்கம் இருக்கிறது. நமக்கு அருகே பள்ளிக்கரணையில், வேளச்சேரி–தாம்பரம் சாலையில் போகும்போது நாம் தினமும் கடந்துபோகும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார், 2018இல் புதுச்சேரிக் கடலுக்குள் நீரில் மூழ்கிய ஒரு தடுப்பை அமைத்தார்கள். பல ஆண்டுகளாகக் கல் மட்டுமே கிடந்த இடத்தில் மறுபடியும் மணல் வந்து சேர்ந்தது. போன கரை திரும்பாது என்ற அவநம்பிக்கைக்கு இடமில்லை. ஆனால் அந்தத் தடுப்பும் மணலாற்றில் கை வைப்பதுதான். ஆகவே வடக்கே இருப்பவன் கணக்கை அங்கேயும் மறக்கலாகாது.

மற்றொரு ஆட்சேபணை: "முகத்துவாரம் அடைபட்டால் நம் வீட்டில் வெள்ளம் ஏறுகிறது. திட்டை வெட்டி எறிந்துவிட்டால் என்ன? இருபுறமும் கற்சுவர் கட்டி நிரந்தரமாகத் திறந்து வைத்தால் என்ன?" இது நம் சொந்த நலனைத் தொடும் கேள்வி, ஆகையால்தான் நாம் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். மழைக்கு முன் வாயைத் திறப்பது அவசியந்தான். ஆண்டுதோறும் இயந்திரம் கொண்டு திறக்கிறார்கள். திறந்தால் கழியில் மீனும் இறாலும் போய்வரும். அங்கே வலை வீசுபவர்களுக்கும் பிழைப்பு உண்டு. ஆனால் வெட்டிய மணல் என்ன ஆகிறது? அதை வடக்குக் கரையில் போட்டால், மணலாறு தன் வழியில் தொடர்ந்து ஓடும். லாரியில் ஏற்றி வேறிடம் கொண்டுபோனால், ஒரு கரையின் வரவைப் பறித்ததாகும். நம் வீட்டு வெள்ளத்தை வடிக்க இன்னொருவர் வீட்டு முற்றத்தைக் கடலுக்குக் கொடுக்க நமக்கு அதிகாரமில்லை. நிரந்தரக் கற்சுவரோ, ட்வீட் ஆற்றில் நேர்ந்ததையே இங்கும் நேரச் செய்யும். மணலைக் கடத்திவிடும் பொறுப்பையும் செலவையும் முன்னதாகவே ஏற்காமல் அப்படிச் செய்வது, திருப்பிக் கொடுக்கும் எண்ணமின்றிக் கடன் வாங்குவதற்கு ஒப்பாகும்.

கடைசியாக ஒரு காரியம். கரைக்கு மணல் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி ஆறுகள் கொண்டுவந்து தருவதுதான். நமக்குத் தெற்கே பாலாறு கல்பாக்கத்துக்கு அப்பால் கடலில் கலக்கிறது. பாலாற்று மணல் லாரி லாரியாக ஏறிச் சென்னையைச் சுற்றி வீடுகளாக எழுந்த காலத்தை நாம் மறந்துவிடவில்லை. நம்மில் பலருடைய சுவர்களில் அந்த மணல் இருக்கிறது. அதை வாங்கியவர் யாரும் கடலோரக் குப்பத்தை நினைத்து வாங்கவில்லை; நியாய விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள். ஆனால் விலையை வாங்கிக்கொண்டவர் ஒருவர். நஷ்டத்தைச் சுமப்பவர் வேறொருவர். தாம்பரத்தில் சுவர் எழும்பினால் கடற்கரையில் ஒரு கூரை சாயலாம் என்ற உறவு நமக்குத் தெரியாதிருந்தது. இப்போது தெரிகிறது. தெரிந்தபின் அயலான் என்ற சொல்லின் பொருள் விரிகிறது. அடுத்த வீட்டுக்காரன் மாத்திரம் நம் அயலானல்லன். நாம் மறித்த மணலுக்காக வடக்கே காத்திருப்பவனும் நம் அயலானே.

கடற்கரை ஆராய்ச்சி மையத்தார் 1990 முதல் 2018 வரை அளந்து பார்த்ததில், இந்தியக் கரையில் நூற்றுக்கு 33.6 பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது. தமிழ்நாட்டுக் கரையில் 42.7 பங்கு. இந்தக் கணக்கைப் பார்த்து மலைத்து உட்கார்ந்துவிடலாகாது. நம்மால் ஆகக்கூடியவை சில உண்டு.

முதலாவது, கடலோரத்தில் மனை வாங்க நினைப்பவர்கள், அது மணற்குன்றை மட்டம் செய்து விற்கப்படும் மனையா என்று விசாரிக்க வேண்டும். கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் 1991 முதல் இருக்கின்றன. மணற்குன்று அவற்றால் காக்கப்பட்ட நிலம். விதியை மீறி விற்பவனைப் போலவே, தெரிந்து வாங்குபவனும் பொறுப்பாளி. இரண்டாவது, ஏரிக் கால்வாயிலும் அடையாற்றிலும் குப்பை கொட்டலாகாது. அது முகத்துவாரம்வரை போய், திட்டின்மேல் ஒதுங்கி, அங்கே வலை உலர்த்துபவன் காலடியில் கிடக்கிறது. மூன்றாவது, மழைக்கு முன் முகத்துவாரம் திறக்கப்பட்டதா என்று நாம் அதிகாரிகளைக் கேட்கிறோம், கேட்பது நியாயம். அத்தோடு, வெட்டிய மணல் எங்கே போடப்பட்டது என்றும் கேட்போம். முதல் கேள்வி நமக்காக. இரண்டாவது கேள்வி அயலானுக்காக. இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால்தான் அது நீதியுள்ள மனு. நான்காவது, கற்கரம் கட்டும் திட்டம் எந்த ஊருக்கு வந்தாலும், அதற்கு வடக்கேயுள்ள ஊரார் விசாரிக்கப்பட்டார்களா என்று கேட்கும் வழக்கம் பொதுவாழ்வில் வர வேண்டும்.

சர்வேசுரன் சிருஷ்டித்த பொருள்களில் சில வைத்துக்கொள்வதற்கு. சில கடந்து செல்லவிடுவதற்கு. கைப்பிடிக்குள் அடங்கும் நெல்லை நாம் களஞ்சியத்தில் வைக்கிறோம். காற்றையும் தண்ணீரையும் கரையோர மணலையும் அப்படி வைத்துக்கொள்ள முடியாது. அவை நம் வாசலைத் தொட்டு, நமக்கு வேண்டிய அளவு பயன் தந்து, அடுத்த வாசலுக்குப் போக வேண்டியவை. முட்டுக்காட்டு மணல்திட்டில் இன்று கிடக்கும் மணலில் ஒரு பகுதி அடுத்த கோடையில் ஈஞ்சம்பாக்கத்துக் கரையில் கிடக்கலாம். பிறகு ஊரூர் குப்பத்தில் ஒரு மீனவன் தன் கட்டுமரத்தை இழுத்து நிறுத்தும் தரையாகலாம். அவன் பெயர் நமக்குத் தெரியாது. நம் பெயர் அவனுக்குத் தெரியாது. ஆனாலும் அவன் காலுக்கடியில் தரை இருக்க வேண்டும் என்பது நம்மேல் விழுந்த கடமை.